வாசகர் கேள்வி – பதில்: கடற்படைக்குக் கணக்கும் சரக்கும் கற்றுக்கொடுத்த பள்ளி

சம்பளம் போடுவது, பண்டகசாலை காப்பது, சமைப்பது, கோப்புகளைப் பார்ப்பது ஆகிய வேலைகளுக்குப் பிரிட்டிஷ் கடற்படை ஒரு தனிப் பள்ளியே நடத்தியது. அதன் வரலாறு பற்றியும் அங்கே சொல்லிக்கொடுத்த தொழில் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எச்.எம்.எஸ். சீரீஸ் என்பது கப்பலா, தளமா? கடல் எட்டிக்கூடப் பார்க்காத வெதர்பி என்ற ஊரில் கடற்படைக்கு என்ன வேலை?
– திருச்சி வாசகர்

‘எச்.எம்.எஸ்.’ என்றால் ‘மன்னரின் (அல்லது அரசியின்) கப்பல்’. சீரீஸ் என்ற பெயரில் கப்பலும் இருந்தது, தளமும் இருந்தது. 1917-ல் வெள்ளோட்டம் விடப்பட்ட சீரீஸ் என்ற குரூசர் கப்பலை 1946-ல் உடைத்துவிட்டார்கள். அதே ஆண்டில் அந்தப் பெயரை இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் உள்ள வெதர்பி முகாமுக்குச் சூட்டினார்கள். சீரீஸ் ரோமானியர்களின் தானிய தெய்வம். உணவும் சரக்கும் பார்க்கும் பிரிவின் பள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

அதற்கு முன்பே அந்த முகாம் இரண்டு பெயர்களில் இயங்கியது. 1942 முதல் அது எச்.எம்.எஸ். கேபட். 1944-ல் கணக்குப் பிரிவினரின் பயிற்சி அங்கே வந்தபோது எச்.எம்.எஸ். டெமெட்ரியஸ் ஆனது. அதே 1944-ல்தான் ‘கணக்குப் பிரிவு’ என்ற பழைய பெயரும் போய், ‘சப்ளை அண்ட் செக்ரெட்டேரியட் பிரிவு’ என்று ஆனது. அதாவது சரக்கும் அலுவலகமும் ஒரே குடையின் கீழ் வந்தன.

பீரங்கி பழகக் கடல் வேண்டும், டார்பிடோ பழகக் கடல் வேண்டும். பேரேடு எழுதவும், ரொட்டி சுடவும், அலமாரியில் இருப்பு எண்ணவும் மேசையும் அடுப்பும் கிடங்கும் இருந்தால் போதும். போர்க்காலத்தில் போர்ட்ஸ்மவுத், பிளிமத் போன்ற துறைமுக நகரங்கள் குண்டுவீச்சில் சிக்கியிருந்தன. அங்கே இருந்த இடமும் கடலுக்குப் போகிறவர்களுக்கே போதவில்லை. உள்நாட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு முகாம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்வதுதான் அறிவு.

நிலத்தில் இருக்கும் முகாமுக்கு ‘எச்.எம்.எஸ்.’ என்று கப்பல் பெயர் ஏன் என்று இன்னும் இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். இதற்குச் சட்டம்தான் காரணம். கடற்படை ஒழுங்குச் சட்டம் ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களையே கட்டுப்படுத்தும் என்று இருந்தது. அதனால் கரையில் உள்ள ஒவ்வொரு தளத்துக்கும் காகித அளவில் ஒரு படகை ‘தாய்க்கப்பல்’ என்று ஒதுக்கி, எல்லோர் பெயரையும் அதன் பதிவேட்டில் ஏற்றுவார்கள். 1957-ல் வந்த புதிய சட்டம் இந்த ஏற்பாட்டைத் தேவையற்றதாக்கியது. பெயரும் பழக்கமும் மட்டும் நின்றுவிட்டன. இன்றும் கரைத்தளத்தில் தரையை ‘டெக்’ என்றும், சமையலறையை ‘கேலி’ என்றும், வாசலைத் தாண்டி ஊருக்குள் போவதைக் ‘கரைக்குப் போவது’ என்றும்தான் சொல்கிறார்கள்.

வெதர்பியில் பள்ளி 1958 வரை இருந்தது. பிறகு கென்ட் பகுதியின் சாத்தம் நகரில் எச்.எம்.எஸ். பெம்புரோக் தளத்துக்குப் போனது. சாத்தம் கப்பற்பட்டறையை மூடப்போவதாக 1981-ல் அரசு அறிவித்ததும் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. 1983-ல் கார்ன்வாலில், பிளிமத்துக்கு எதிர்க்கரையில் டார்பாயின்ட் என்ற ஊரில் உள்ள எச்.எம்.எஸ். ராலேவுக்கு வந்து சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பள்ளிக்கூடம் வருவதற்கு முன் இந்த வேலைகளை யார் பார்த்தார்கள்? அவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?
– மதுரை வாசகர்

பார்த்தவர் பர்சர், அதாவது கப்பலின் உணவுக்கும் சரக்குக்கும் பொறுப்பானவர். பயிற்சி என்று எதுவும் கிடையாது. ஒரு பர்சருக்குக் கீழே எழுத்தராக இருந்து, பார்த்துப் பழகி, ஜாமீன் பணம் கட்டி அந்தப் பதவிக்கு வர வேண்டும். இந்த வரலாற்றில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். பிற்காலத்துப் பாடத்திட்டத்தில் பாதி, பர்சர் முறை செய்த கேடுகளை அடைக்க வந்ததுதான் என்பது எங்கள் கருத்து.

பர்சர் பாதி அதிகாரி, பாதி வியாபாரி. அவருடைய சம்பளம் சொற்பம். கப்பலில் ஏற்றிய ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர் பொறுப்பு. காலிப் பீப்பாயைத் திருப்பித் தராவிட்டால்கூட அவர் கணக்கில்தான் பிடிப்பார்கள். பீப்பாய் ஒழுகும், பிஸ்கட் பூஞ்சை பிடிக்கும், பாலாடைக்கட்டி அழுகும், எலி தின்னும். இந்தச் சேதத்துக்கு ஈடாக எட்டில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள அவருக்கு அனுமதி இருந்தது. 16 அவுன்ஸ் கொண்ட ஒரு ராத்தலுக்கு 14 அவுன்ஸ்தான் மாலுமியின் கைக்கு வரும். இதற்குப் ‘பர்சர் ராத்தல்’ என்றே பெயர். சேதம் குறைவாக இருந்தால் மிச்சம் பர்சருக்கு.

18-ஆம் நூற்றாண்டு விதிப்படி ஒரு மாலுமிக்கு வாரத்துக்கு 7 ராத்தல் பிஸ்கட், 7 கேலன் பீர், 4 ராத்தல் மாட்டிறைச்சி, 2 ராத்தல் பன்றி இறைச்சி, 2 பைண்ட் பட்டாணி, 3 பைண்ட் ஓட்ஸ், 6 அவுன்ஸ் வெண்ணெய், 12 அவுன்ஸ் பாலாடைக்கட்டி. பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 7 ராத்தல் என்பது 112 அவுன்ஸ். பர்சர் ராத்தலில் அது 98 அவுன்ஸ் ஆகிறது. ஆளுக்கு 14 அவுன்ஸ் குறைவு. 600 பேர் உள்ள கப்பலில் ஒரு வாரத்துக்கு 8,400 அவுன்ஸ், அதாவது 525 ராத்தல் பிஸ்கட். ஆறு மாதப் பயணத்தில் இது எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பிஸ்கட் கெடுவதற்கு முக்கியக் காரணம் ஈரம். அதனால் பிஸ்கட் அறையின் சுவரெங்கும் தகரத் தகடு அடித்திருப்பார்கள். எலி கடிக்காது, மரத்தின் ஈரமும் ஏறாது. கவனமான பர்சர் பழைய மூட்டையை முன்னே இழுத்து, புதியதைப் பின்னே அடுக்குவார். அலட்சியமானவர் வந்ததை வந்த வரிசையில் மேலே மேலே போட்டுவிடுவார். அடியில் கிடந்தது வண்டு பிடித்துப் பொடியாகும், அந்த வண்டு மேலே உள்ளதற்கும் ஏறும்.

1797 ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத்துக்கு அருகே ஸ்பிட்ஹெட் என்ற நங்கூரத்துறையில் மாலுமிகள் நங்கூரத்தைத் தூக்க மறுத்து நின்றபோது, சம்பள உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, ‘ராத்தலுக்கு 16 அவுன்ஸ் வேண்டும்’ என்பது. அதை அரசு ஏற்றுக்கொண்டது. 1852-ல் ‘பர்சர்’ என்ற பதவிப்பெயரே போய் ‘பேமாஸ்டர்’ (சம்பள அதிகாரி) வந்தது. சரக்கு காப்பவனின் வருமானத்துக்கும் சரக்கின் குறைச்சலுக்கும் உள்ள தொடர்பை அறுத்தால்தான் கணக்கு நேராகும். அதன் பிறகே அந்த வேலையை ஒரு தொழிலாகக் கருதி, வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்க முடிந்தது.

கப்பலில் தினமும் ரம் கொடுத்தார்களாமே. அதை அளந்தது இந்தப் பிரிவுதானா? எப்படிக் கணக்கு வைத்தார்கள்?
– காரைக்குடி வாசகர்

இந்தப் பிரிவுதான். சப்ளை மாலுமி ஒவ்வொரு நாளும் பலர் கண்முன்னே தேர்வு எழுதிய மாதிரியான வேலை இது.

1740-ல் அட்மிரல் வெர்னன் அரை பைண்ட் ரம்மில் ஒரு குவார்ட் (2 பைண்ட்) தண்ணீர் கலந்து கொடுக்கச் சொன்னார். 1824-ல் அரை பைண்ட் கால் பைண்ட் ஆனது. 1850-ல் அதுவும் பாதியாகி, எட்டில் ஒரு பைண்ட், அதாவது சுமார் 71 மில்லிலிட்டரில் நின்றது. 1970 ஜூலை 31-ஆம் தேதியோடு வழக்கமே ஒழிந்தது.

கடைசிக் காலத்து முறையைச் சொல்கிறோம். பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே மூன்றில் ஒரு குறி இருக்கும்: ரம் வாங்குபவர், வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர், 20 வயது ஆகாதவர். வேண்டாம் என்றவருக்கு நாளுக்கு 3 பென்னி சம்பளத்தோடு சேரும். வயது ஆகாதவருக்கு ரம்மும் இல்லை, காசும் இல்லை.

அதிகாரிகள் நீங்கலாக 340 பேர் உள்ள ஒரு கப்பல் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் வயது ஆகாதவர்கள், 60 பேர் வேண்டாம் என்றவர்கள். மிச்சம் 240 பேர். எட்டால் வகுத்தால் 30 பைண்ட். 8 பைண்ட் ஒரு கேலன் என்பதால் 3 கேலன் 6 பைண்ட். இந்த 240-ல் 60 பேர் ‘பெட்டி ஆபீசர்’ என்ற மூத்த மாலுமிப் பதவியிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள் என்றால் அவர்களுக்குத் தண்ணீர் கலக்காமல் 7½ பைண்ட். மற்ற 180 பேருக்கான 22½ பைண்டில் இரண்டு மடங்கு தண்ணீர், 45 பைண்ட், சேரும். மொத்தம் 67½ பைண்ட், ஆளுக்கு ⅜ பைண்ட். வேண்டாம் என்ற 60 பேருக்கு அன்றைக்கு 180 பென்னி, 15 ஷில்லிங். இத்தனையும் காலையிலேயே போட்டு முடித்திருக்க வேண்டும்.

பிறகு ஓர் அதிகாரியின் முன்னிலையில் ரம் அறையைத் திறந்து, பீப்பாயிலிருந்து சிறு மரக்குடத்துக்கு இறைத்து, அந்தக் குடத்தைப் பூட்டிவைப்பார்கள். மதியம் மேல்தளத்தில் தொட்டியில் கலந்து அளந்து ஊற்றுவார்கள். தண்ணீர் கலந்த ரம் நிற்காது, கெட்டுவிடும். அதனால் மீதியை அதிகாரி பார்க்கக் கடலுக்குப் போகும் வடிகாலில் ஊற்றிவிட வேண்டும். மருத்துவமனைக்குப் போனவர், விடுப்பில் இருப்பவர், அன்று காலை வந்து சேர்ந்தவர், முந்தின நாள் 20 வயது நிறைந்தவர் ஆகிய நால்வரைப் பட்டியலில் திருத்தாமல் விட்டால்தான் பெரும்பாலும் கணக்கு இடிக்கும். இறைக்கும்போது சிந்துவதைவிடப் பட்டியல் பிழையால் வந்த தகராறே அதிகம்.

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். கடற்படையில் உதிரிபாகங்களை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள்? எங்களுக்கு வரும் குளறுபடிகள் அங்கேயும் வருமா?
– அம்பத்தூர் வாசகர்

வரும். அங்கே வந்தால் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது என்பதுதான் வித்தியாசம்.

பொருட்களை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். பெயின்ட், துணி, பல்பு, போல்ட் போன்ற செலவாகிற பொருட்களைக் கொடுத்ததும் கணக்கில் கழித்துவிடலாம். பைனாகுலர், கருவிப்பெட்டி, தட்டச்சுப்பொறி போன்ற நிலையான பொருட்களைக் கழிக்கக்கூடாது. யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வாங்கி, அவர் மாறும்போது புதியவர் முன்னே எண்ணிக் காட்டி, மீண்டும் கையெழுத்து வாங்க வேண்டும். போகிறவர் போன பிறகு எண்ணினால் குறைச்சல் ஸ்டோர் தலையில் விழும். இந்த ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்தாலே உங்கள் கிடங்கிலும் பாதித் தலைவலி குறையும்.

அடுத்தது எண். இன்று நேட்டோ நாடுகளும், இந்தியா உட்பட வேறு பல நாடுகளும் 13 இலக்க எண் முறையைப் பயன்படுத்துகின்றன. முதல் 4 இலக்கம் பொருளின் வகுப்பு. அடுத்த 2 இலக்கம் எண் கொடுத்த நாடு. பிரிட்டனுக்கு 99, இந்தியாவுக்கு 72. மிச்சம் 7 இலக்கம் அந்தப் பொருளுக்கே உரியது. வங்கிக் கணக்கு, கடன் அட்டை எண்களில் இருப்பதுபோல் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இலக்கம் இதில் இல்லை. கடைசி 7-ல் இரண்டு இலக்கம் இடம் மாறினால், அதுவும் சரியான எண்ணாகவே இருக்கலாம், வேறு பொருளுக்கு. வால்வு கேட்டவருக்கு வாஷர் வரும். அதனால் கோரிக்கைச் சீட்டில் எண்ணோடு பொருளின் பெயரையும் எழுதுவதும், பெறுகிறவர் இரண்டையும் ஒத்துப் பார்ப்பதும் கட்டாயம்.

மூன்றாவது, வழங்கும் அலகு. இதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். பேரேட்டில் ஒரு போல்ட்டுக்கு அலகு ‘100 கொண்ட பெட்டி’ என்று இருக்கும். அதைப் பார்க்காமல் ‘100’ என்று கேட்டால் 10,000 போல்ட் வந்து இறங்கும். தலைகீழாகவும் நடக்கும். பெட்டி என்று நினைத்து 2 கேட்டவருக்கு இரண்டே இரண்டு போல்ட் வரும். கப்பல் அதற்குள் துறைமுகத்தை விட்டிருக்கும்.

இருப்பு எண்ணும்போது பேரேட்டு எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணக்கூடாது. 48 என்று தெரிந்தால் 47-ஐயும் 48 என்றே கண் எண்ணும். முதலில் எண்ணி, வெற்றுத்தாளில் எழுதி, பிறகு ஒத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் வந்தால் உடனே பேரேட்டைத் திருத்திவிடவும் கூடாது. பாதிச் சமயம் பொருள் தொலைந்திருக்காது. பதிவு செய்யாத ஒரு வழங்கல் சீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும்.

நடுக்கடலில் சரக்கு ஏற்றுவது தனிக்கலை. இரண்டு கப்பல்களும் சுமார் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் பக்கவாட்டில் ஓட, நடுவே கட்டிய கம்பியில் சரக்கு தொங்கி வரும். வந்த பெட்டியை எந்த அறைக்கு என்று எழுதிய குறியைப் பார்த்து ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கீழே இறக்குவார்கள். எண்ணுகிறவர் நிற்க வேண்டிய இடம் பெட்டி டெக்கைத் தொடும் இடம், கிடங்கு வாசல் அல்ல. வாசலில் நின்று எண்ணினால் வழியில் திசைமாறிய பெட்டி எங்கே போனது என்று தெரியாது. உறைய வைத்த இறைச்சியைக் கடைசியில் இறக்கலாம் என்று டெக்கில் விட்டால் வெயிலில் இளகிவிடும். இளகியதை மறுபடி உறைய வைக்கக்கூடாது. அதனால் குளிர் அறைக்குப் போகிறவற்றுக்கென்று தனியாக ஆட்களை முன்கூட்டியே நிறுத்துவார்கள்.

சம்பளத்தைத் தொப்பியின் மேல் வைத்துக் கொடுத்தார்கள் என்பது உண்மையா?
– புதுச்சேரி வாசகர்

உண்மை. பதிவேட்டு எண் வரிசையில் நின்று, மேசை முன் வந்ததும் தொப்பியைக் கழற்றி நீட்டி, எண்ணைச் சொல்ல வேண்டும். எழுத்தர் தொகையை உரக்கப் படிக்க, பணம் தொப்பியின் மேல் வைக்கப்படும். வாங்கியவர், கொடுத்தவர், சாட்சி மூவர் கண்ணிலும் ஒரே தொகை படும்.

எழுத்தருக்கு உண்மையான சோதனை சம்பள நாளில் இல்லை. மாலுமி மாத நடுவில் வேறு கப்பலுக்கு மாறும்போதுதான் அது வரும். குடும்பத்துக்கு நேரடியாகப் போகும் தொகை, முன்பணம், பிடித்தம் எல்லாம் அவருடைய கணக்குத்தாளோடு போக வேண்டும். தாள் பிந்தி ஆள் முந்திப் போனால் புதிய கப்பல் முன்பணம் கொடுக்கும். பழைய கப்பல் கொடுத்த முன்பணம் பிறகு தெரியவரும். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். வீட்டில் அந்த மாதம் அடுப்பு எரிவதும் இந்தத் தாளை நம்பித்தான்.

போர் நடக்கும்போது இவர்கள் பத்திரமாகக் கீழே உட்கார்ந்திருப்பார்களா?
– நாகர்கோவில் வாசகர்

கப்பலில் பத்திரமான இடம் என்று ஒன்று கிடையாது. போர் நிலை அறிவித்ததும் சமையல்காரர், பரிமாறுபவர், எழுத்தர் எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. வெடிமருந்து கைமாற்றுவது, தீயணைப்பது, காயம்பட்டவரைத் தூக்குவது இவர்கள் பொறுப்பு. உலகப் போரில் பேமாஸ்டர் பிரிவு அதிகாரிகள் சங்கேதச் செய்தி எழுதவும் பிரிக்கவும் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். கேப்டனின் செயலாளரும் அந்தப் பிரிவிலிருந்துதான் வருவார்.

1982 மே 4-ஆம் தேதி ஃபாக்லாந்து போரில் எச்.எம்.எஸ். ஷெஃபீல்டு மீது எக்சோசெட் ஏவுகணை பாய்ந்தது சமையலறையை ஒட்டிய பகுதியில். இறந்த 20 பேரில் சமையல்காரர்களும் இருந்தார்கள். அப்போது பள்ளி சாத்தமில் இருந்தது. ‘பின்வரிசை வேலை’ என்று இதை யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இதுதான்.

பழைய படங்களில் சில அதிகாரிகளின் கைப்பட்டைத் தங்கக் கோடுகளுக்கு நடுவே வெள்ளை தெரிகிறதே?
– ஈரோடு வாசகர்

அது பேமாஸ்டர் பிரிவின் அடையாளத் துணி. பொறியாளருக்கு ஊதா, மருத்துவருக்குச் சிவப்பு. 1955-ல் மருத்துவம், பல் மருத்துவம் போன்ற சில பிரிவுகள் தவிர மற்றவர்களுக்கு எடுத்துவிட்டார்கள்.

இந்தியக் கடற்படைக்கு இப்படி ஒரு பள்ளி உண்டா?
– தூத்துக்குடி வாசகர்

உண்டு. மும்பையில் மாலாட் பகுதியின் மார்வே கடற்கரையோரம் உள்ள ஐ.என்.எஸ். ஹம்லா. இரண்டாம் உலகப் போரில் இந்தத் தளம் கரையில் படை இறக்கும் படகுகளுக்கான பயிற்சிக்காக இருந்தது. பின்னால் சப்ளை பிரிவின் பயிற்சி அங்கே வந்தது. இந்தியாவும் பிரிட்டிஷ் வழியில் ‘சப்ளை அண்ட் செக்ரெட்டேரியட்’ என்ற பெயரையே வைத்திருந்து, பிறகு ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று மாற்றிக்கொண்டது. பிரிட்டனில் அந்த மாற்றம் 2004-ல் வந்தது. அதிகாரிகளுக்கும், கிடங்கு, எழுத்து, சமையல், பரிமாறல் வேலைகளுக்கு வரும் மாலுமிகளுக்கும் ஹம்லாவில் தொழிற்பயிற்சி நடக்கிறது.

இந்தியாவில் இந்தத் தொழிலின் அருமையைப் புரிந்துகொள்ள 1946 பிப்ரவரி 18-ஐப் பார்த்தால் போதும். மும்பையில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற சமிக்ஞைப் பயிற்சித்தளத்தில் மாலுமிகள் மோசமான சாப்பாட்டை எதிர்த்து, ‘சோறு இல்லையேல் வேலை இல்லை’ என்று உட்கார்ந்தார்கள். இனப் பாகுபாடு, அதிகாரிகளின் ஏச்சு, சம்பள வேறுபாடு எல்லாம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தன. பற்றவைத்தது தட்டில் விழுந்த உணவு. சில நாட்களில் சுமார் 20,000 மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். ஸ்பிட்ஹெட்டில் 14 அவுன்ஸ் ராத்தல் செய்த வேலையை இங்கே வேகாத பருப்பு செய்தது.

இங்கிலாந்து போகும்போது இந்த இடங்களைப் பார்க்க முடியுமா?
– சென்னை வாசகர்

வெதர்பிக்குப் போய்ப் பயனில்லை. 1958-லேயே அந்த இடம் இளங்குற்றவாளிகளுக்கான சிறையாகிவிட்டது, இன்றும் அப்படித்தான். ராலே இயங்கிக்கொண்டிருக்கும் படைத்தளம். அழைப்பில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சாத்தம்தான் உங்களுக்குத் தோது. பெம்புரோக் தளத்தின் செங்கல் கட்டடங்கள் இப்போது பல்கலைக்கழக வளாகம். நீளமான பழைய பயிற்சிக் கூடம் நூலகமாக இருக்கிறது. பக்கத்திலேயே பழைய கப்பற்பட்டறையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டுகிறார்கள். குளிர்காலத்தில் மூடியிருக்கும் நாட்கள் உண்டு. தேதியைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள்.